இருபதாயிரத்துக்குள்ள வீட்ல எலக்ட்ரிக் கிட்டார் ரெக்கார்டிங்: காச எங்க போடணும், எங்க போடக்கூடாது

தேவகோட்டைலேர்ந்து ஒரு தம்பி கேட்டிருக்கார். கையில ஸ்ட்ராட் டைப் கிட்டார் ஒண்ணு இருக்கு, 10 வாட்ஸ் ப்ராக்டிஸ் ஆம்ப் ஒண்ணு இருக்கு, ஐ5 லேப்டாப், 8 ஜிபி ராம், விண்டோஸ். பட்ஜெட் 20 ஆயிரம். கடையில விசாரிச்சா கண்டென்சர் மைக், ஸ்டாண்டு, பாப் ஃபில்டர், கொஞ்சம் ஃபோம் எல்லாம் சேத்து ஒரு ஸ்டூடியோ காம்போ எடுத்துக்கங்கன்றாங்களாம். வீடு பழைய செட்டியார் வீடு, வளவுல, அதாவது நடு முற்றத்தைச் சுத்தி இருக்கிற கூடத்துல, ஆம்ப வச்சு போன்ல ரெக்கார்ட் பண்ணா கிணத்துக்குள்ள உக்காந்து வாசிச்ச மாதிரி கேக்குது, எதை வாங்குறது எதை விடுறதுன்னு தெரியலன்றார். இதே கேள்வியத்தான் காரைக்குடி, பள்ளத்தூர் பக்கம் கிட்டார் புதுசா எடுக்குற பசங்க எல்லாரும் கேக்குறாங்க, அதனால கொஞ்சம் விலாவாரியாவே சொல்லிர்றேன்.

தம்பி, அந்த காம்போ வேண்டாம். இப்போதைக்கு மைக்கே வேண்டாம். கிட்டார் கேபிள நேரா சொருகுற மாதிரி ஒழுங்கான ஆடியோ இன்டர்ஃபேஸ் (கிட்டார் சிக்னல லேப்டாப்புக்குள்ள கொண்டு போற சின்ன பெட்டி) ஒண்ணு, வயர் வச்ச மூடின டைப் ஹெட்போன் ஒண்ணு, நல்ல கேபிள் ஒண்ணு, புது ஸ்ட்ரிங் ஒரு செட். உங்க காசு இந்த நாலுக்கு மட்டும் போகட்டும். ஆம்ப் சத்தம், டிஸ்டார்ஷன், ஸ்பீக்கர் சத்தம் எல்லாம் சாஃப்ட்வேர்ல ஃப்ரீயாவே கிடைக்குது, அதுவும் சும்மா பேருக்கு இல்ல, நெசமாவே நல்லா இருக்கு.

இதுக்குக் காரணம் ஒண்ணுதான். எலக்ட்ரிக் கிட்டார்ல கேபிள் வழியா வெளிய வர்ற அந்த வெறும் சிக்னல், ட்ரை சிக்னல்னு சொல்லுவோம்ல, அது சுத்தமா ரெக்கார்ட் ஆயிருச்சுன்னா அதுக்கு அப்பறம் எல்லாத்தையும் மாத்திக்கலாம். இன்னைக்கு ஃபெண்டர் ஆம்ப் மாதிரி க்ளீனா வச்சுக்கிட்டு, அடுத்த மாசம் மனசு மாறினா அதே டேக்க, அதாவது ஒரு தடவ வாசிச்சு எடுத்தத, மார்ஷல் ஆம்ப் மாதிரி ஆக்கிக்கலாம், திரும்ப வாசிக்க வேண்டாம். மைக் வச்சு எடுத்தா அப்பிடி இல்ல. ஆம்ப், அதோட 6 இன்ச் ஸ்பீக்கர், மைக், மைக் வச்ச இடம், அந்த ரூம், அப்ப தெருவுல போன டிவிஎஸ் 50 எல்லாம் சேந்து ஒட்டிக்கிரும், பிறகு பிரிக்கவே முடியாது. காரைக்குடி மீனாட்சிபுரம் முத்துமாரியம்மன் கோயில் மாசி பங்குனி திருவிழா சமயத்துல இங்க நாள் பூரா ஸ்பீக்கர் ஓடுமே, அந்த நேரத்துலகூட கேபிள்ல எடுத்தா ஒரு சத்தம் உள்ள வராது.

இப்ப இன்டர்ஃபேஸ் எதுக்கு, லேப்டாப்லயே மைக் ஓட்டை இருக்கே, ஒரு கன்வெர்ட்டர் பின் வாங்கி அதுல சொருகக்கூடாதான்னு நெறைய பேரு கேப்பாங்க. சொருகுனா சத்தம் வரும், ஆனா கம்பளிய போத்துன மாதிரி மங்கலா வரும். கிட்டார் பிக்கப்ன்றது காந்தத்தைச் சுத்தி ஆயிரக்கணக்கான சுத்து சுத்துன ஒரு மெல்லிசு கம்பி காயில். அதுலேர்ந்து வர்ற சிக்னலுக்கு பலம் ரொம்ப கம்மி, எதுல சொருகுறோமோ அந்த இன்புட் அதை எவ்வளவு இழுக்குதுங்கறதுதான் விஷயம். மைக் இன்புட்டுக்கு சில ஆயிரம் ஓம்தான் இருக்கும், லைன் இன்புட்டுக்கு பத்தாயிரம் ஓம் பக்கம் இருக்கும். கிட்டார் ஆம்ப்ல இருக்கறது சுமாரா 10 லட்சம் ஓம், அதாவது 1 மெகா ஓம். கம்மி ஓம் உள்ள இன்புட்ல சொருகுனா ஹை ஃப்ரீக்வென்சிதான் முதல்ல அடி வாங்கும், ஏன்னா காயிலோட சொந்த இம்பிடன்ஸ், அதாவது சிக்னலுக்கு அது குடுக்குற தடை, ஃப்ரீக்வென்சி மேல போகப்போக ஏறிக்கிட்டே போகும். அதனால வாங்குற இன்டர்ஃபேஸ்ல "இன்ஸ்ட்"னோ "ஹை-இசட்"னோ ஒரு பட்டன் இருக்கா, இல்ல கிட்டார் படம் போட்ட தனி இன்புட் இருக்கான்னு பாருங்க. மத்த எல்லா அம்சத்தையும் அதுக்கு அப்பறம் பாத்துக்கலாம்.

எந்த மாடல்? ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் சோலோ எல்லாருக்கும் தெரிஞ்ச பேரு. இந்தியால 10 ஆயிரத்துக்கு மேல வரும், ஆஃபர பொறுத்து ஏறி எறங்கும். இன்ஸ்ட் இன்புட் நல்லா இருக்கும், விண்டோஸ் ட்ரைவர் (இன்டர்ஃபேஸையும் லேப்டாப்பையும் பேச வைக்கிற சாஃப்ட்வேர்) நம்பலாம். ஆடியன்ட் ஈவோ 4 அதே ரேஞ்சுதான், கிட்டார் இன்புட் அதுல எனக்கு ரொம்பப் புடிக்கும், ஒரு பட்டன அமுக்கிட்டு கொஞ்ச நேரம் வாசிச்சா அதுவே லெவல் செட் பண்ணிக்கிரும், புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு அது பெரிய உதவி. பெஹ்ரிங்கர் யூஎம்சி202ஹெச்டி கொஞ்சம் கம்மில முடியும், ரெண்டு இன்புட், கம்பெனி சொந்த ட்ரைவரும் இருக்கு, உங்க பட்ஜெட்டுக்கு நான் முதல்ல கைகாட்டுறது அதுதான். இன்னும் கீழ எறங்கணும்னா எம்-ஆடியோ எம்-ட்ராக் சோலோ. பெஹ்ரிங்கர் யூஎம்2, யூஎம்சி22 ரெண்டும் விலை கம்மின்னு பசங்க எடுக்குறாங்க, கிட்டார் இன்புட்டும் இருக்கு, சத்தமும் பரவால்ல, ஆனா விண்டோஸ்ல பெரும்பாலும் ஏசியோ4ஆல்னு ஒரு பொது ட்ரைவர போட்டுத்தான் ஓட்டுறாங்க, அதுல ஒரு லேப்டாப்ல ஓடும், இன்னொண்ணுல கரகரன்னு அடம்புடிக்கும். மூவாயிரம் நாலாயிரம் மிச்சம் புடிக்கப் போயி வாசிக்கிற நேரத்தையெல்லாம் செட்டிங்ஸ்ல தொலைக்க வேண்டாம்.

192 கிலோஹெர்ட்ஸ்னு பெட்டி மேல பெருசா போட்டிருப்பாங்க, சத்தத்த செகண்டுக்கு எத்தனை தடவ அளக்குதுங்கற கணக்கு அது, அதுக்காக ஒரு ரூவா கூடக் குடுக்காதீங்க. 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் போதும், அதுல மோனோவா ஒரு நிமிஷம் எடுத்தா எட்டரை எம்பிக்கு கொஞ்சம் மேல ஆகும், அவ்வளவுதான்.

ட்ரைவர்னு ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்னா, நீங்க ஸ்ட்ரிங்க தட்டுறதுக்கும் ஹெட்போன்ல சத்தம் கேக்குறதுக்கும் நடுவுல ஒரு இடைவெளி இருக்கு, லேட்டன்சின்னு சொல்றாங்க. சிக்னல் உள்ள போயி, நம்பரா மாறி, லேப்டாப் அதை ஆம்ப் சாஃப்ட்வேர்ல போட்டு வேகவச்சு, திரும்ப வெளிய வரணும். பஃபர்னு ஒரு செட்டிங் இருக்கும், லேப்டாப் ஒரு தடவைக்கு எவ்வளவு சத்தத்த சேத்து வச்சு வேலை செய்யுதுங்கறது அது. 48 கிலோஹெர்ட்ஸ்ல பஃபர் 128 வச்சா அது மட்டும் 2.7 மில்லி செகண்டு, 256 வச்சா 5.3, 512ன்னா 10.7, 1024ன்னா 21. உள்ள போக ஒரு தடவ, வெளிய வர ஒரு தடவன்னு கணக்கு வச்சுக்கங்க, அதுக்கு மேல கன்வெர்ட்டர், ட்ரைவர் சேக்குறது வேற. மொத்தம் 10, 12 மில்லி செகண்டுக்குள்ள இருந்தா கைக்கு உறுத்தாது. ஆம்ப்லேர்ந்து மூணு நாலு மீட்டர் தள்ளி நின்னு வாசிச்சாலும் காத்துல சத்தம் வர அவ்வளவு நேரம் ஆகத்தான் செய்யும். 30க்கு மேல போச்சுன்னா தாளம் கையில நிக்காது, நம்மதான் வாசிக்கத் தெரியாம வாசிக்கிறோம்னு பசங்க மனசொடஞ்சு போறாங்க, அது நெசமா ட்ரைவர் கோளாறு. விண்டோஸ்ல ரெக்கார்டிங் சாஃப்ட்வேர் செட்டிங்ஸ்ல போயி ஏசியோன்னு (தாமதம் கம்மியா இருக்கற ட்ரைவர் வகை) தேர்ந்தெடுத்து அதுல உங்க இன்டர்ஃபேஸ் கம்பெனி ட்ரைவர போடுங்க. முதல்ல 128 வச்சுப் பாருங்க, பொட்டு பொட்டுன்னு வெடிச்சா 256. உங்க ஐ5 அதை தாங்கும். ப்ளூடூத் ஹெட்போன இதுக்கு நெனைக்கவே நெனைக்காதீங்க, அதோட தாமதம் மட்டுமே நூறு மில்லி செகண்டத் தாண்டும்.

இன்னொண்ணு, இது தெரியாம நெறைய பேரு இன்டர்ஃபேஸே சரியில்லன்னு திருப்பி அனுப்பியிருக்காங்க. இன்டர்ஃபேஸ்ல டைரக்ட் மானிட்டர்னு ஒரு பட்டன் இருக்கும். அது ஆன்ல இருந்தா உங்க கிட்டாரோட வெறும் சத்தம் நேரா ஹெட்போனுக்கு வந்துரும், கூடவே சாஃப்ட்வேர்லேர்ந்து டிஸ்டார்ஷன் சத்தம் கொஞ்சம் லேட்டா வரும். ரெண்டும் கலந்து டிங்கு டிங்குன்னு ரெட்டையா கேக்கும். ஆம்ப் சாஃப்ட்வேர் வழியா வாசிக்கும்போது அதை ஆஃப் பண்ணிருங்க.

லெவல் வைக்கிறத கொஞ்சம் நிதானமா பண்ணுங்க. கிட்டார்ல வால்யூம் டோன் ரெண்டையும் முழுசா தெறந்து வைங்க. ப்ரிட்ஜ் பிக்கப்ல போட்டு, தடிமன் ஈ ஸ்ட்ரிங்க உங்க வாழ்க்கையிலயே பலமா அடிக்கிற அடி அடிங்க, ஆறு ஸ்ட்ரிங்கையும் சேத்து ஒரு கார்டு அறைங்க. அப்ப மீட்டர்ல உச்சம் மைனஸ் 12 டெசிபெலுக்கும் மைனஸ் 6 டெசிபெலுக்கும் நடுவுல நிக்கணும். சிவப்பு விளக்கு ஒரு தடவகூட எரியக்கூடாது. அனலாக் ஆம்ப்ல ஓவரா போனா இனிமையா ஒடையும், இன்டர்ஃபேஸ் உள்ள ஓவரா போனா அலையோட தலைய வெட்டி எடுத்துரும், அந்த வெட்டு பின்னாடி எந்த ஆம்ப் போட்டாலும் உள்ள கிடந்து கரகரக்கும். கம்மியா எடுத்துட்டா பிரச்சனை இல்ல, 24 பிட்ல ஏத்திக்கலாம். அதனால சந்தேகம் வந்தா கெய்ன, அதாவது இன்டர்ஃபேஸ்ல சிக்னல ஏத்துற அந்த திருக, கொஞ்சம் கொறைச்சே வைங்க. ஹம்பக்கர் (ரெட்டை காயில் பிக்கப்) வச்ச கிட்டார் வாங்குனா திரும்ப முதல்லேர்ந்து செட் பண்ணணும், அது அவுட்புட் கூட.

சாஃப்ட்வேருக்கு வருவோம். ரெக்கார்ட் பண்ண ரீப்பர் எடுங்க. 60 நாள் முழு வசதியோட சும்மா ஓட்டிப் பாக்கலாம், அப்பறம் தனி ஆளுக்கு லைசென்ஸ் 60 டாலர். சின்ன சைஸ், பழைய லேப்டாப்லகூட ஓடும். இன்டர்ஃபேஸோட ஏபில்டன் லைவ் லைட் மாதிரி ஏதாவது ஃப்ரீயா தந்தாலும் அதையே வச்சுக்கிட்டு ஆரம்பிக்கலாம். ஆம்ப் சத்தத்துக்கு நியூரல் ஆம்ப் மாடலர்னு ஒண்ணு இருக்கு, சுருக்கமா நாம்னு சொல்றாங்க, முழுசா ஃப்ரீ. நெசமான ஆம்ப ஒருத்தர் வச்சிருப்பார், அது எப்பிடி சத்தம் போடுதுன்னு கம்ப்யூட்டர கத்துக்க வச்சு அந்த ஃபைல போட்டு வச்சிருப்பார். டோன்3000னு தேடுனீங்கன்னா அந்த மாதிரி ஃபைல் மலையா குவிஞ்சு கிடக்கு. உங்க லேப்டாப் தெணறுனா ஸ்டாண்டர்டுன்ற மாடலுக்குப் பதிலா ஃபெதர், நானோன்னு இருக்கிற சின்ன மாடல எடுங்க. இதெல்லாம் குழப்பமா இருந்தா ஆம்ப்ளிட்யூப் 5 சிஎஸ், கிட்டார் ரிக் ப்ளேயர் ரெண்டும் ஃப்ரீ வெர்ஷன் இருக்கு, பெடல் ஆம்ப் எல்லாம் படமாவே இருக்கும், திருகிப் பாத்து கத்துக்கலாம்.

இங்க ஒரு இடத்துலதான் பசங்க பெரும்பாலும் மாட்டுறாங்க. நாம்ல ஒரு ஆம்ப் ஃபைல போட்டுட்டு வாசிச்சா கொசு கூட்டம் மாதிரி ங்ஙொய்ன்னு வருது, சாஃப்ட்வேர் ஆம்பே வேஸ்ட்டுன்னு மூடி வச்சிர்றாங்க. அதுல ஆம்ப் மட்டும்தான் இருக்கு, ஸ்பீக்கர் பெட்டி இல்ல. கிட்டார் ஸ்பீக்கர்னு 12 இன்ச்ல ஒண்ணு போடுறாங்களே, அது 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல சத்தத்த மளமளன்னு கொறைச்சிரும், டிஸ்டார்ஷனோட முள்ளு முள்ளான பகுதி எல்லாம் அங்கதான் சரியாகுது. அதனால ஆம்ப் ஃபைலுக்கு அடுத்து ஐஆர்னு ஒரு ஃபைல் போடணும், அதாவது ஒரு ஸ்பீக்கர் பெட்டியும் அதுக்கு முன்னாடி வச்ச மைக்கும் சேந்து எப்பிடி கேக்கும்ங்கறதோட அச்சு. நாம்லயே ஐஆர் போடுற இடம் இருக்கு, இல்லாட்டி நாட்ஐஆர்னு ஒரு ஃப்ரீ ப்ளகின் இருக்கு. உங்க டோன்ல ஆம்ப் மாத்துறதவிட ஐஆர் மாத்துனாத்தான் வித்தியாசம் பளிச்சுன்னு தெரியும், செஞ்சு பாருங்க.

டிஸ்டார்ஷன் ரிதம் எடுக்குறீங்கன்னா ஒரே பகுதிய ரெண்டு தடவ தனித்தனியா வாசிச்சு ஒண்ண முழு இடது, ஒண்ண முழு வலது போடுங்க. ஒரே டேக்க காப்பி பண்ணி ரெண்டு பக்கமும் போட்டா அகலம் வராது, நடுவுலதான் கேக்கும். ஆம்ப் சாஃப்ட்வேர்ல கெய்ன் நீங்க வழக்கமா வைக்கிறதுல பாதி வைங்க, ரெண்டு சேரும்போது தானா கனமாயிரும். 80 ஹெர்ட்ஸுக்கு கீழ வெட்டி விட்டுருங்க, ஸ்டாண்டர்டு ட்யூனிங்ல தடிமன் ஈ ஸ்ட்ரிங்கே 82 ஹெர்ட்ஸ்தான், அதுக்கு கீழ இருக்கறது வெறும் கை தட்டுற சத்தமும் குமுறலும்.

ஹெட்போனுக்கு ஆடியோ டெக்னிகா எம்20எக்ஸ் மாதிரி ஒண்ணு, சுமாரா 5 ஆயிரம் பக்கம். பேஸ் தூக்கி அடிக்கிற ஹெட்போன் வேண்டாம், அதுல நல்லா கேட்டது பஸ் ஸ்டாண்டு டீக்கடை ஸ்பீக்கர்ல போட்டா வத்திப் போயி கேக்கும். மானிட்டர் ஸ்பீக்கர் இப்ப வேண்டாம், அந்த விலைக்கு வர்ற சின்ன ஸ்பீக்கரும் உங்க வீட்டு செவுரும் சேந்து உங்களுக்கு பொய் சொல்லும்.

ஸ்ட்ரிங்க யாரும் ரெக்கார்டிங் சாமான்னு நெனைக்க மாட்டாங்க, ஆனா அதுதான் சாமான். கடையில வந்த நாள்லேர்ந்து மாத்தாத துருப்புடிச்ச ஸ்ட்ரிங்க எந்த இன்டர்ஃபேஸும் காப்பாத்தாது. 9-42 இல்ல 10-46 செட் ஒண்ணு மாத்துங்க, சில நூறு ரூவாதான். அப்பறம் 12ஆவது ஃப்ரெட்ல ஹார்மோனிக்கையும் அதே ஃப்ரெட்ட அமுக்கி வாசிக்கிறதையும் ட்யூனர்ல பாருங்க, ரெண்டும் ஒண்ணா இல்லன்னா ப்ரிட்ஜ்ல அந்த ஸ்க்ரூவ திருகி இன்டொனேஷன் சரி பண்ணுங்க, அமுக்குனா சார்ப்பா வந்தா சேடில (ப்ரிட்ஜ்ல ஸ்ட்ரிங் உக்கார்ற சின்ன துண்டு) பின்னாடி தள்ளணும், ஃப்ளாட்டா வந்தா முன்னாடி. ஒவ்வொரு டேக்குக்கும் முன்னாடி ட்யூன் பண்ணுங்க, இது மாதிரி விலையில்லாத முன்னேற்றம் வேற எதுலயும் கிடையாது. கேபிள் 3 மீட்டர் போதும், சவுண்ட் சர்வீஸ்காரங்க பி38னு சொல்ற அந்தப் பெரிய பின்தான் ரெண்டு முனையிலயும். ரொம்ப நீளமான மலிவு கேபிள் அதுவே கொஞ்சம் ட்ரெபிள தின்னுரும், ஆட்டுனா கரகரங்கறத தூக்கிப் போட்டுருங்க.

இப்ப நம்ம ஊருக்கே உரிய ஒரு தொந்தரவு, கரண்டு. பழைய வீட்ல பாதி ஸ்விட்ச் போர்டுல எர்த்தே இருக்காது, இருந்தாலும் எங்க போயி முடியுதுன்னு யாருக்கும் தெரியாது. ஸ்ட்ராட்ல இருக்கறது சிங்கிள் காயில் பிக்கப், அது சுத்தி இருக்கிற 50 ஹெர்ட்ஸ் ஹம்ம ஏரியல் மாதிரி புடிக்கும், டிஸ்டார்ஷன் போட்டா அது பத்து மடங்கா ஊதும். முதல்ல லேப்டாப் சார்ஜர கழட்டிட்டு பேட்டரில ஓட்டிப் பாருங்க. சத்தம் பாதியா கொறைஞ்சா சார்ஜர்தான் குத்தவாளி, டேக் எடுக்கும்போது மட்டும் கழட்டி வச்சா போதும். கரண்டு போயி இன்வெர்ட்டர்ல ஓடும்போது ங்ர்ர்ன்னு புது சத்தம் வந்தா உங்க இன்வெர்ட்டர் ஸ்கொயர் வேவ் டைப், அந்த நேரம் ரெக்கார்டிங் வேண்டாம். கிட்டார கையில வச்சுக்கிட்டு மெதுவா ஒரு சுத்து திரும்புங்க, ஏதாவது ஒரு திசையில ஹம் நல்லா கொறையும், அங்கிட்டு பாத்து உக்காந்து வாசிங்க. பிக்கப் ஸ்விட்ச்ல 2, 4 பொசிஷன் பெரும்பாலான ஸ்ட்ராட்ல ஹம்ம ஒண்ணையொண்ணு அடிச்சிரும், அதையும் பாருங்க. ஸ்ட்ரிங்க தொட்டா சத்தம் கொறையுதுன்னா பயப்பட வேண்டாம், அது சகஜம். ஆனா ஸ்ட்ரிங்க தொட்டா சுர்ருன்னு ஷாக் அடிச்சா அன்னைக்கே வாசிக்கிறத நிறுத்திட்டு எலக்ட்ரீசியனக் கூப்புட்டு எர்த் பாக்கச் சொல்லுங்க. ஹம் போகுதுன்னு ப்ளக்ல எர்த் பின்ன ஒடைக்கிற பழக்கம் இங்க நெறைய இடத்துல இருக்கு, தயவுசெஞ்சு அதை செய்யாதீங்க, கிட்டார் ஸ்ட்ரிங் எல்லாம் எர்த்தோட தொடர்புல இருக்கறது, உயிர் விஷயம்.

லேப்டாப்ப தொடவே புடிக்கலன்றவங்களுக்கு இன்னொரு வழி மல்ட்டி எஃபெக்ட்ஸ் பெடல். என்யூஎக்ஸ் எம்ஜி-300, வேலட்டன் ஜிபி-100, பாஸ் ஜிடி-1 இதெல்லாம் யூஎஸ்பி போட்டா அதுவே இன்டர்ஃபேஸாவும் ஆயிரும், ஆம்ப் வேலை எல்லாம் பெடல் உள்ளயே முடியறதால லேட்டன்சி தலைவலி இல்ல, நாளைக்கு மேடையில வாசிக்கவும் ஆகும். வாங்குறதுக்கு முன்னாடி யூஎஸ்பி வழியா ஆடியோ போகுதான்னு மட்டும் கேட்டுக்கங்க, ஜூம் ஜி1 ஃபோர்ல யூஎஸ்பி இருக்கு ஆனா அதுல ஆடியோ போகாது. உங்ககிட்ட ஆம்பும் லேப்டாப்பும் ஏற்கனவே இருக்கறதால உங்களுக்கு இன்டர்ஃபேஸ்தான் சரி.

பழசு வாங்கலாமான்னா தாராளமா வாங்கலாம், இன்டர்ஃபேஸ்ல தேயுற சாமான் கம்மி. யூஎஸ்பி சாக்கெட் ஆடுதா, கெய்ன திருகும்போது கரகரக்குதா, ஹெட்போன் ரெண்டு பக்கமும் கேக்குதான்னு நேர்ல சொருகிப் பாருங்க. அதைவிட முக்கியம், அந்த மாடலுக்கு விண்டோஸ் 11 ட்ரைவர் கம்பெனி சைட்ல இருக்கான்னு வீட்லயே பாத்துட்டுக் கிளம்புங்க. புதுசுன்னா ஆன்லைன்ல எடுக்கலாம், நேர்ல பாத்துத்தான் வாங்குவேன்னா சென்னைக்குப் போறப்ப அண்ணாசாலை மியூசி மியூசிக்கல் மாதிரி கடையில ஒரு எட்டு பாத்துட்டு வாங்க.

ஆம்புக்கு மைக் வச்சே தீருவேன்னு பின்னாடி ஒரு நாள் ஆசை வந்தா கண்டென்சர் எடுக்காதீங்க, டைனமிக் எடுங்க. ஷூர் எஸ்எம்57 1965ல வந்தது, இன்னைக்கும் கிட்டார் ஆம்புக்கு அதுதான் முதல் மைக். ஸ்பீக்கர் துணிலேர்ந்து ஒரு இன்ச் தள்ளி வைங்க. நட்ட நடுவுல வச்சா கூரா கீச்சுன்னு இருக்கும், நடுவுலேர்ந்து ஓரத்துக்கு ஒரு விரல் அகலம் நகத்துனா மெதுவாகும், இன்னும் நகத்துனா மங்கிரும். ஈக்யூ தொடறதுக்கு முன்னாடி அந்த ஒரு விரல் அகலத்துலயே பாதி டோன் முடிஞ்சிரும். ஆம்ப எங்க வைக்கிறதுன்னா, இலவம்பஞ்சு மெத்தை, தலகாணி, சமுக்காளம் எல்லாம் அடுக்கி வச்சிருக்கிற ரெண்டாம் கட்டு அறை ஒண்ணு எல்லா பழைய வீட்லயும் இருக்கும்ல, அங்க. கடையில விக்கிற மெல்லிசு ஃபோமவிட அந்த மெத்தை அடுக்கு பலமா சத்தத்த உறிஞ்சும்.

வளவ நீங்க குறைன்னு சொல்லியிருந்தீங்க. எனக்கு அது உங்க வீட்ல இருக்கிற விலை ஒசந்த சாமான். ஆத்தங்குடி டைல்ஸ் தரை, முட்டை வெள்ளை போட்டு இழைச்ச சுண்ணாம்பு செவுரு, ஒசரமான பட்டாலை, எல்லாமே சத்தத்த திருப்பி அடிக்கிற பரப்பு, அதே சமயம் பர்மா தேக்குத் தூணு வரிசையா நிக்கறதால எதிரொலி ஒரே எடத்துலேர்ந்து தட்டாம செதறி வரும், மேல முற்றம் தெறந்திருக்கறதால கொஞ்சம் வெளியவும் போயிரும், கோயில் மண்டபம் மாதிரி இழுத்துக்கிட்டே கெடக்காது. ரிவெர்ப்னு காசு குடுத்து வாங்குற ப்ளகின்ல இதைத்தான் செயற்கையா செய்யறாங்க. டேக் எடுக்கும்போது அது கூடாது, எடுத்து முடிச்ச பிறகு நமக்கு வேண்டிய அளவு சேக்கலாம்.

எப்பிடின்னா, யார்கிட்டயாவது ஒரு கண்டென்சர் மைக்க ஒரு ராத்திரிக்கு இரவல் வாங்குங்க, சவுண்ட் சர்வீஸ்காரங்ககிட்ட கேட்டாலும் குடுப்பாங்க, உங்க யூஎம்சி202ஹெச்டில 48 வோல்ட் பட்டன் இருக்கு, அதை போட்டா மைக் வேலை செய்யும். போன்ல எடுக்காதீங்க, போன் சத்தம் பெருசா வந்தா தானா அமுக்கிரும், சின்னதா வந்தா தானா தூக்கிரும், நமக்கு வேண்டியதே அந்த சத்தம் எப்பிடி தேயுதுங்கறதுதான். தெரு அடங்கி, புறா எல்லாம் ஒடுங்கின பிறகு ஃபேன், மோட்டார், ஃப்ரிட்ஜ் எல்லாம் நிறுத்திட்டு, வளவோட ஒரு மூலையில பெரிய பலூன் ஒண்ண ஊதி ஒடைங்க, மைக் எதிர் மூலைப் பக்கம் ஒரு 15 அடி தள்ளி இருக்கட்டும். சிவப்பு எரியாத மாதிரி கெய்ன நல்லா கொறைச்சு வச்சுக்கங்க, பலூன் வெடி நெனைக்கிறதவிட பெருசா இருக்கும், வீட்ல பெரியவங்க தூங்குனா முன்கூட்டியே சொல்லிருங்க. சத்தம் முழுசா அடங்குற வரைக்கும் ரெக்கார்டிங்க நிறுத்தாதீங்க, மூச்சுகூட விடாம நில்லுங்க. மைக்க வேற வேற தூரத்துல வச்சு நாலஞ்சு பலூன் ஒடைச்சு வச்சுக்கங்க, பின்னாடி எது நல்லா இருக்குன்னு தேர்ந்தெடுக்கலாம்.

அந்த ஃபைல ரீப்பர்ல தெறந்து, வெடி ஆரம்பிக்கிற எடத்துக்கு முன்னாடி இருக்கிற மௌனத்த ஒட்ட வெட்டுங்க, முடிவுல மெதுவா ஃபேட் அவுட் குடுங்க, வேவ் ஃபைலா சேவ் பண்ணுங்க. ரீப்பரோடயே வர்ற ரியாவெர்ப் (ReaVerb)ன்ற ப்ளகின்ல அந்த ஃபைல சேருங்க, அவ்வளவுதான், உங்க வளவு இப்ப ஒரு ப்ளகின். தனி ட்ராக் ஒண்ணு போட்டு அதுல இதை வச்சு, ட்ரை சத்தம் வராம வெட், அதாவது எதிரொலி, மட்டும் வர்ற மாதிரி ஆக்கிட்டு, கிட்டார் ட்ராக்லேர்ந்து அதுக்கு அனுப்புற பங்க, அதான் சென்ட், கொஞ்சம் கொஞ்சமா ஏத்துங்க. ரிவெர்ப் ட்ராக்ல 200 ஹெர்ட்ஸுக்கு கீழ வெட்டிருங்க, இல்லன்னா குமுகுமுன்னு மூடிக்கிரும். க்ளீன் டோன்ல ஒத்த ஒத்த நோட்டா வாசிக்கிற லீடுக்கு இது பிரமாதமா உக்காரும், வேகமான டிஸ்டார்ஷன் ரிதமுக்கு அனேகமா வேண்டாம்.

கணக்கு பாத்தா இன்டர்ஃபேஸ் 9லேர்ந்து 11 ஆயிரம், ஹெட்போன் 5, கேபிளும் ஸ்ட்ரிங்கும் சேத்து ஒண்ணரை, உங்க 20க்குள்ள முடிஞ்சு கொஞ்சம் மிஞ்சும், அதை ரீப்பர் லைசென்ஸுக்கு ஒரு பங்கா எடுத்து வைங்க. லேப்டாப் எந்த மாடல், ஐ5ல எத்தனாவது ஜெனரேஷன், கிட்டார்ல பிக்கப் மூணும் சிங்கிள் காயில்தானா இல்ல ப்ரிட்ஜ்ல ஹம்பக்கரான்னு எழுதுங்க தம்பி, எந்த நாம் மாடல் ஓடும், பஃபர் எவ்வளவு வைக்கலாம்னு பாத்து சொல்றேன்.